விண்ணப்பத்தில் விடுபட்ட பிள்ளைக்கும் பங்குண்டு

காலமான கணக்குதாரரின் வைப்புத்தொகையைக் கோரி எங்கள் கிளைகளுக்கு வரும் விண்ணப்பங்கள் சிலவற்றில் மணமாகிச் சென்ற மகளின் பெயரோ, மூத்த தாரத்து மகனின் பெயரோ இருப்பதில்லை. ஆனால் பெயர் விடுபட்டதனால் உரிமை அற்றுப்போவதில்லை.

உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் அவருடைய மனைவி, தாய், மகன்கள், மகள்கள் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். தத்தெடுத்த பிள்ளையும், தந்தை இறந்தபோது தாயின் கருவிலிருந்து பின்னர் உயிருடன் பிறந்த குழந்தையும் இதில் அடங்குவர். பிற சமயத்தினருக்கு அவரவர்க்குரிய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும்.

நியமனதாரரைப் பேச்சுவழக்கில் ‘வாரிசுதாரர்’ என்று அழைப்பதே பல குழப்பங்களுக்குக் காரணம். 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படி, நியமனதாரரிடம் பணத்தை அளித்தவுடன் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது; ஆனால் பணம் அவருக்கே உரியதாகிவிடுவதில்லை. 2010இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. 9 இலட்சம் ரூபாயை விட்டுச் சென்றவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டுமே வாரிசுகள் எனக் கொள்வோம். மகன் நியமனதாரராக இருந்தாலும் அவருடைய பங்கு 3 இலட்சமே. எஞ்சிய 6 இலட்சம் தாய்க்கும் சகோதரிக்கும் சேர வேண்டியது. 2025 நவம்பர் முதல் நால்வர் வரை நியமிக்க இயலும் என்றாலும் இந்த நிலை மாறவில்லை.

விடுபட்ட பிள்ளை செய்ய வேண்டியது என்ன? நியமனம் இல்லாத கணக்காயின், தொகை வழங்கப்படுமுன் உறவுமுறைச் சான்றுகளுடன் கிளைக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நியமனம் உள்ள கணக்காயின், வெறும் கடிதத்தைக் கொண்டு வங்கி தொகையை நிறுத்தி வைக்க இயலாது. நீதிமன்ற ஆணை தேவை. தொகை வழங்கப்பட்ட பின்னரும், பெற்றவரிடமிருந்து தம் பங்கைக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம்; காலத் தாழ்வு கூடாது. உண்மையை மறைத்து நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் பெறப்பட்டிருந்தால், அதனை ரத்து செய்யக் கோரவும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வழி செய்கிறது.

விண்ணப்பிப்போர் எல்லா வாரிசுகளின் பெயர்களையும் தவறாது குறிப்பிடுதல் வேண்டும். பங்கு வேண்டாம் என்போர் அதனைத் தாமே எழுதிக் கையொப்பமிடட்டும். அவருக்காகப் பிறர் முடிவு செய்தல் முறையன்று. வைப்புதாரர்களோ, நியமனத்தோடு நின்றுவிடாமல் தெளிவான உயிலையும் எழுதி வைப்பது நலம்.