காரைத் தூக்குவதா, ஏற்றுவதா?

பழனி மலைக்குப் போனவர்கள் அங்கே ஏறுவதற்குப் பல வழிகள் இருப்பதைப் பார்த்திருப்பார்கள். நேராக ஏறப் படிகள் உண்டு. சரிவு குறைந்த யானைப்பாதை உண்டு. விஞ்ச் என்னும் இழுவை வண்டி 1966இலும் ரோப்கார் 2004இலும் வந்தன. எந்த வழியில் போனாலும் ஏறும் உயரம் ஒன்றுதான். அப்படியானால் யானைக்கு மட்டும் ஏன் தனிப்பாதை? எடை மிகுந்த பொருளை உயர்த்தும்போது உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. சரிவையும் பார்க்க வேண்டும் என்பதே காரணம்.

இந்த உண்மை வீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் பொருந்தும். ஆயில் மாற்றவோ சைலன்சரைப் பார்க்கவோ காரின் அடியில் புக வேண்டும். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி குறைவாக உள்ள கார்களில் கையை நுழைப்பதே கடினம். அப்போது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஜாக்கி வைத்துத் தூக்குவது. மற்றொன்று, ரேம்ப் எனப்படும் சாய்தளத்தின் மேல் வண்டியை ஓட்டி ஏற்றுவது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

வேலை எவ்வளவு?

1,000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் முன்னால் இருப்பதால், முன்சக்கரங்கள் சுமார் 600 கிலோகிராம் பாரத்தைத் தாங்குவதாகக் கொள்வோம். முன்பக்கத்தை 20 சென்டிமீட்டர் உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை 600 × 9.8 × 0.2 = 1,176 ஜூல். இது 40 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவர் 3 மீட்டர் உயரம், அதாவது ஒரு மாடி ஏறச் செய்யும் வேலைதான்! ஜாக்கியானாலும் ரேம்ப்பானாலும் இந்த வேலை குறையாது. மாறுவது விசை மட்டுமே. 20 செ.மீ. உயரத்தை 50 செ.மீ. கிடைத்தூரத்தில் எட்டும் குட்டை ரேம்ப்பில் உராய்வை நீக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 2,200 நியூட்டன் விசை வேண்டும். அதே உயரத்தை 130 செ.மீ. கிடைத்தூரத்தில் எட்டினால் சுமார் 900 நியூட்டன் போதும்.

எஞ்சினுக்கு இரண்டுமே பெரிய காரியமல்ல. அப்படியென்றால் நீளமான ரேம்ப் எதற்கு?

பம்பர் சொல்லும் கணக்கு

தாழ்வான காரில் பம்பரின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்த விளிம்பு 70 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. குட்டை ரேம்ப்பின் சரிவு 20/50, அதாவது 0.4. அதன் அடியிலிருந்து 30 செ.மீ. தள்ளி அதன் உயரம் 12 செ.மீ. ஆகிவிடும். ஆகவே சக்கரம் ரேம்ப்பைத் தொட இன்னும் 40 செ.மீ. இருக்கும்போதே பம்பர் மோதி நின்றுவிடும்!

மோதாமல் இருக்கச் சரிவு 12/70ஐத் தாண்டக் கூடாது. 20 செ.மீ. உயரம் வேண்டுமானால் கிடைத்தூரம் 20 × 70/12, அதாவது குறைந்தது 117 செ.மீ. இருக்க வேண்டும். சிறிது இடைவெளியும் விட்டு 130 செ.மீ. வைத்துக்கொள்வது நல்லது.

சரிவைக் குறைப்பதால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. அம்பாசிடர் போலப் பின்சக்கரம் ஓட்டும் வண்டியில், முன்சக்கரங்கள் ஏறும்போது ரேம்ப்பை முன்னால் தள்ளுகின்றன. சரிவின் அளவு தரையின் உராய்வுக் குணகத்தைவிட மிகுந்தால் ரேம்ப் வழுக்கி ஓடிவிடும். கொடைக்கானலில் பனிமூட்டத்தில் நனைந்து பாசி படிந்த தரையை நினைத்துப் பாருங்கள். குணகம் 0.4க்குக் கீழே இறங்கினால் குட்டை ரேம்ப் நிற்காது. நீள ரேம்ப்புக்கோ 0.16 இருந்தாலே போதும். முன்சக்கரம் ஓட்டும் இன்றைய கார்களில், மெதுவாக ஏறினால் இந்தத் தள்ளல் இல்லை. ஆனால் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் சக்கரம் ரேம்ப்பைப் பின்பக்கமாக உதைத்துவிடும்.

ஜாக்கியின் குணம்

ரேம்ப்பில் ஏற்றிய வண்டியின் சக்கரத்தைக் கழற்ற முடியாது. டயர் மாற்றவும் பிரேக்கைப் பார்க்கவும் ஜாக்கிதான் வேண்டும்.

திருகு ஜாக்கி என்பது தண்டைச் சுற்றிச் சுருட்டி வைத்த சாய்தளமே. கைப்பிடியின் ஆரம் 20 செ.மீ., புரியிடைத் தூரம் 4 மில்லிமீட்டர் என்றால் திசைவேக விகிதம் 314. உராய்வினால் அதில் பாதிக்கு மேல் வீணாகிறது. ஆனால் அந்த உராய்வே நமக்குக் காவல். கையை எடுத்தாலும் திருகு தானாகத் திரும்பி இறங்காதது அதனால்தான். பாஸ்கல் விதியின்படி இயங்கும் எண்ணெய் ஜாக்கியில் அந்தக் காவல் இல்லை. உள்ளே எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வாஷர் கசிந்தால் வண்டி இறங்கிவிடும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரு பக்கத்தைத் தூக்கும்போது வண்டி நேர்மேலே போவதில்லை. மறுபக்கச் சக்கரங்களை மையமாகக் கொண்டு வட்டவில்லில் நகர்கிறது. 1.4 மீட்டர் ஆரத்தில் 30 செ.மீ. உயர்த்தினால், தூக்கிய இடம் பக்கவாட்டில் 3 செ.மீ. நகர்ந்திருக்கும். அந்த அளவுக்கு ஜாக்கி சாயும். ஆகவே ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. தாங்குவதற்கு அகன்ற அடிப்பாகமுள்ள இரும்பு ஸ்டாண்டு வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கடியில் தலையை நீட்டக் கூடாது.

மலையில் ஒரு பாடம்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பாதையில் லாரி பழுதாகி நின்றால், கிளீனர் முதலில் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார். அவர் செய்வது முழுக்க முழுக்க இயற்பியல். 5 பாகை சரிவில் நிற்கும் 1,000 கிலோகிராம் காரைச் சுமார் 850 நியூட்டன் விசை கீழே இழுக்கிறது. ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களையே பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். வண்டி ஜாக்கியிலிருந்து உருண்டு விழலாம்.

ஆகையால் முதலில் சமதளத்தைத் தேடுங்கள். மலை ஊரில் வீட்டு வாசல் சரிவாக இருந்தால் வேலையை அங்கே தொடங்கவே வேண்டாம். சமதளத்திலும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ஆயில் மாற்ற நீண்ட ரேம்ப். சக்கரத்தைக் கழற்ற ஜாக்கியும் ஸ்டாண்டும். இதுவே நம் கேள்விக்கு விடை.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. பம்பர் 15 செ.மீ. உயரத்தில், சக்கரத்துக்கு 75 செ.மீ. முன்னால் இருக்கிறது. 25 செ.மீ. உயர ரேம்ப்புக்குக் கிடைத்தூரம் குறைந்தது எவ்வளவு வேண்டும்? 125 செ.மீ. என்று வந்தால் கணக்கு சரி. அடுத்து, ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு தெருவில் நிற்கும் கார் ஒன்றை, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, நீங்களே அளந்து பாருங்கள்.