பொய்ச் சான்றில் பெற்ற பாஸ்போர்ட்

காளையார்கோவில் வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிரம்பினால் வயலில் நெல். நிரம்பாவிட்டால் வெளியூர்ப் பிழைப்பு. செட்டிநாட்டார் அன்று பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறினர். நம் இளைஞர்கள் இன்று வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் விமானமேறுகின்றனர். இப்பயணத்தின் முதற்படி பாஸ்போர்ட். அம்முதற்படியிலேயே பொய் புகுந்துவிடுவதுண்டு. அதனால் விளையும் கேட்டைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

பொய் புகும் வழி

பத்தாம் வகுப்புத் தேறாதோர் பெறுவது பெரும்பாலும் 'ஈ.சி.ஆர்.' பாஸ்போர்ட். இதை உடையவர்கள் சவூதி அரேபியா, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அரசின் அனுமதி பெற வேண்டும். "இது வீண் அலைச்சல், பத்தாம் வகுப்புச் சான்றிதழை நான் தயார் செய்து தருகிறேன்" என்பார் தரகர். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் அந்நாடுகளுக்குச் செல்லும் பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. அதைத் தாண்டுவதற்காக வயதைக் கூட்டி எழுதுவோரும் உளர்.

இவ்வனுமதி உண்மையில் வீண் அலைச்சலா? அதன்பொருட்டே வேலை ஒப்பந்தம் சரிபார்க்கப்படுகிறது. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் அளிக்கும் 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' காப்பீடும் ஈ.சி.ஆர். தொழிலாளருக்குக் கட்டாயமாகிறது. போலிச் சான்று காட்டியவர் இந்த வேலிக்கு வெளியே நிற்கிறார். பாலைவனத்தில் அவருக்கு ஏதேனும் நேர்ந்தால், ஊரில் உள்ள மனைவி மக்களின் கதி என்ன?

தண்டனை யாருக்கு?

விண்ணப்பத்தில் கையொப்பமிடுபவர் தரகர் அல்லர், நம் மகனே. 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பொய்த் தகவல் தந்து பாஸ்போர்ட் பெறுவோருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பாஸ்போர்ட்டும் ரத்தாகலாம். போலிப் பாஸ்போர்ட்டைத் தெரிந்தே பயன்படுத்தி நாட்டுக்குள் வருவோருக்கும் வெளியேறுவோருக்கும், அதை வழங்குவோருக்கும், 2025-ஆம் ஆண்டுக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் இரண்டு முதல் ஏழாண்டு வரை சிறையும் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது.

இவை ஏட்டளவில் நிற்பவை அல்ல. இலங்கைக் குடிமக்கள் சிலர் போலி ஆவணங்களைக் கொண்டு மதுரையில் இந்தியப் பாஸ்போர்ட் பெற்றது 2019-இல் வெளிப்பட்டது. கியூ பிரிவுக் காவல்துறை வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை அது சென்றது.

எங்கே புகார் செய்வது?

போலி ஆவணம் பற்றி அறிந்தால், நம் மாவட்டத்துக்குரிய மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். தரகரின் பெயர், கொடுத்த தொகை, தேதி, ரசீது, தொலைபேசிச் செய்திகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்தல் வேண்டும். காவல் நிலையத்திலும் புகார் தரலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை. பதிவு செய்ய மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெறாதவரைப் பற்றிச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் முறையிடலாம். இணையத்தில் பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 எண்ணை அழைக்க வேண்டும்.

பாஸ்போர்ட் தொலைந்தாலும் தாமதம் கூடாது. பிறர் கையில் அது வேறொருவரின் முகத்தோடு பயணம் செய்யக்கூடும். காவல் நிலையத்திலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும், வெளிநாட்டில் இருந்தால் இந்தியத் தூதரகத்திலும் தெரிவித்தல் வேண்டும்.

முன்னரே பொய்ச் சான்று கொடுத்துவிட்ட குடும்பங்களும் இருக்கலாம். அஞ்சி மறைப்பதால் சிக்கல் பெருகுமேயன்றிக் குறையாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தகுதியுடையோர்க்கு இலவச ஆலோசனை உண்டு. அதன் உதவி எண் 15100.

புதிதாக விண்ணப்பிப்போர்க்கு ஒரு சொல்: பெரியவர்களுக்கான 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டின் கட்டணம் 1,500 ரூபாய் மட்டுமே. ஐயங்களை 1800-258-1800 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் கேட்டுத் தெளியலாம். மகன் கையொப்பமிடுமுன், படிவத்தின் ஒவ்வொரு வரியையும் வீட்டார் முன்னிலையில் உரக்கப் படிக்கச் செய்யுங்கள்.