சொந்தக் கட்டிடம்தான், ஆனால் இடிக்கக் கூடாது!

உங்கள் வீட்டை நீங்கள் இடித்துக் கட்டலாம். "என் வீடு, என் இஷ்டம்" என்று சொல்லலாம்.

ஆனால், அந்தக் கட்டிடம் ஊருக்கே பெருமை தருவதாக இருந்தால்?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்காகவே நடந்தது.

இடிந்த மாளிகை

நியூயார்க் நகரில் "பென்சில்வேனியா நிலையம்" என்று ஒரு ரெயில் நிலையம் இருந்தது. 1910-ல் திறக்கப்பட்டது. பெரிய பெரிய கல் தூண்களுடன் அரண்மனை போல இருக்கும். அது ஒரு தனியார் ரெயில் கம்பெனிக்குச் சொந்தம்.

1963-ல் கம்பெனி அந்தக் கட்டிடத்தை இடிக்கத் தொடங்கியது. "கூடாது" என்று பலர் கிளர்ச்சி செய்தும் பலன் இல்லை. காரணம், தடுக்கச் சட்டம் இல்லை!

அதன் பிறகு, 1965-ல் நியூயார்க் நகரம் ஒரு சட்டம் போட்டது. பழம்பெருமை வாய்ந்த கட்டிடங்களைப் பட்டியல் எடுக்க ஒரு கமிஷனுக்கு அதிகாரம் கொடுத்தது. பட்டியலில் சேர்ந்த கட்டிடத்தை, சொந்தக்காரரே ஆனாலும், கமிஷனின் அனுமதி இல்லாமல் இடிக்கக் கூடாது. வெளித்தோற்றத்தையும் மாற்றக் கூடாது.

தலைக்கு மேல் 55 மாடி

அதே ஊரில் இருக்கும் இன்னொரு ரெயில் நிலையம் "கிராண்ட் சென்ட்ரல்". 1913-ல் திறக்கப்பட்டது. அதன் பெரிய மண்டபத்தின் கூரையில், வானத்து நட்சத்திரங்களை ஓவியமாகத் தீட்டி இருக்கிறார்கள். 1967-ல் இது பட்டியலில் சேர்ந்தது.

அப்போது ரெயில் கம்பெனிகளுக்குக் கஷ்ட காலம். காரும் விமானமும் வந்து, பயணிகள் குறைந்துவிட்டார்கள். ஆகவே, நிலையத்தின் சொந்தக்காரரான "பென் சென்ட்ரல்" கம்பெனி, அதன் மேலே 55 மாடிக் கட்டிடம் எழுப்ப 1968-ல் அனுமதி கேட்டது. கட்டி முடித்தால், ஆண்டுக்குக் குறைந்தது 30 லட்சம் டாலர் வாடகை வரும்!

கமிஷன் "முடியாது" என்று சொல்லிவிட்டது.

கோர்ட்டில் வழக்கு

கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. "நஷ்ட ஈடு தராமல் எங்கள் சொத்தைப் பறிக்கிறார்கள்" என்று வாதாடியது. 1975-ல் முதல் கோர்ட்டு, கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறியது.

நகர நிர்வாகம் அப்பீல் செய்தது. ஜனாதிபதி கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலினும் நிலையத்தைக் காக்கக் குரல் கொடுத்தார். அப்பீலில் தீர்ப்பு மாறியது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது.

1978 ஜூன் 26-ந் தேதி முடிவு வந்தது. 9 நீதிபதிகளில் 6 பேர், "சட்டம் செல்லும்" என்றார்கள்.

அவர்கள் சொன்ன காரணம் இதுதான்: நிலையம் வழக்கம் போல நடக்கிறது, அதில் கம்பெனிக்கு வருமானமும் உண்டு. மேலே மாடி கட்டும் உரிமையைப் பக்கத்தில் உள்ள வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே, சொத்து பறிபோகவில்லை.

மற்ற 3 பேர் இதை ஏற்கவில்லை. "ஊரார் எல்லோரும் அடையும் நன்மைக்கு, சொந்தக்காரர் ஒருவர் மட்டும் ஏன் நஷ்டப்பட வேண்டும்?" என்பது அவர்கள் கேள்வி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான், இப்படிப்பட்ட சட்டம் போடுகிறவர்கள், சொந்தக்காரருக்கும் ஏதாவது ஒரு வழி செய்து தரவேண்டி இருக்கிறது.

பழைய பென்சில்வேனியா நிலையத்தை இனிப் படத்தில்தான் பார்க்க முடியும். கிராண்ட் சென்ட்ரலில் இன்றும் ரெயில் ஏறலாம்!