சூடான கடலில் திணறிய இன்ஜின்

பிரிட்டிஷ் கடற்படையில் டைப் 45 என்ற வரிசையில் ஆறு நாசகாரிக் கப்பல்கள் இருக்கின்றன: டேரிங், டான்ட்லஸ், டயமண்ட், டிராகன், டிஃபெண்டர், டங்கன். ஒவ்வொன்றும் 152 மீட்டர் நீளம். ஒன்றைக் கட்டி முடிக்க ஏறத்தாழ 100 கோடி பவுண்டு செலவானது. விமானந்தாங்கிக் கப்பலுக்குக் காவலாக நின்று, வானில் வரும் ஏவுகணைகளையும் விமானங்களையும் சுட்டு வீழ்த்துவது இவற்றின் வேலை. அந்த வேலையில் இவை சோடை போகவில்லை. 2023 டிசம்பரில் செங்கடலில் வணிகக் கப்பல்களைக் குறிவைத்து வந்த ட்ரோனை டயமண்ட் சுட்டு வீழ்த்தியது. ரேடாரும் ஏவுகணையும் எழுதிக் கொடுத்தபடியே வேலை செய்தன.

கப்பலை ஓட்டும் இயந்திரங்களின் கதை வேறு. 2010-இல் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே டேரிங் மின்சாரம் இழந்தது. கடற்படையில் சேர்ந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத கப்பல் அது. கனடாவுக்குப் போய்ப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. 2014 பிப்ரவரியில் டான்ட்லஸ் பயிற்சியைப் பாதியில் விட்டு போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குத் திரும்பியது. 2021 ஜூலையில், புதிய விமானந்தாங்கிக் கப்பலான குயின் எலிசபெத்துடன் ஆசியா நோக்கிப் புறப்பட்ட டயமண்ட், மத்தியதரைக் கடலைத் தாண்டுவதற்குள் கோளாறாகி இத்தாலியில் ஒதுங்கியது.

புதிய இயந்திரம் ஆரம்பத்தில் மக்கர் செய்வது பொறியாளர்களுக்குப் புதிதல்ல. ஒரு வால்வு சரியாக உட்காராது, ஒரு வெல்டிங் விடும், ஒரு மென்பொருளில் பிழை இருக்கும். ஓட்ட ஓட்ட இவை வெளியே வந்து தீர்ந்துவிடும். அதனால்தான் ஒரு வரிசையின் முதல் கப்பலில் தொல்லை அதிகமாகவும், பின்னால் வருபவற்றில் குறைவாகவும் இருக்கும். டைப் 45 விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. ஆறு கப்பல்களுக்கும் ஒரே நோய் இருந்தது. ஆண்டுகள் கடந்தும் அது தீரவில்லை. அப்படியானால் பிசகு உதிரிபாகத்தில் இல்லை, வடிவமைப்பில் இருக்கிறது. அந்த வடிவமைப்பு புத்திசாலித்தனமானது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

கேஸ் டர்பைன் என்பது அடிப்படையில் விமான இன்ஜின்தான். முன்பக்கம் காற்றை இழுத்து அழுத்துகிறது. அழுத்திய காற்றில் எரிபொருளை எரிக்கிறது. பொங்கி வரும் சூடான வாயு, சக்கரம்போன்ற இறக்கைகளைச் சுழற்றிவிட்டு வெளியேறுகிறது. உருவத்தில் சிறியது, பலத்தில் பெரியது, நிமிடங்களில் முழுவேகம் எடுக்கும். போர்க்கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான இன்ஜின் கிடையாது. ஒரே குறை, மெதுவாக ஓடும்போதும் எண்ணெயைக் குடித்துத் தள்ளும். போர்க்கப்பலோ தன் வாழ்நாளில் பெரும்பகுதி மெதுவாகத்தான் ஓடுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்ததுதான் டபிள்யூ.ஆர்-21. பெயரில் உள்ள முதல் எழுத்து வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தையும், இரண்டாவது ரோல்ஸ்-ராய்ஸையும் குறிக்கிறது. வெஸ்டிங்ஹவுஸின் அந்தப் பிரிவு பின்னர் நார்த்ராப் கிரம்மன் நிறுவனத்தின் கைக்குப் போனது. அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகள் இதற்குப் பணம் போட்டன. 1990-களில் சோதனைக்கூடத்தில் ஓடியது.

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், நாலைந்து முறை அழுத்தியதும் பம்பின் அடிப்பகுதி கையைச் சுடும். காற்றை அழுத்தினால் சூடேறும். சூடேறிய காற்றை மேலும் அழுத்துவது கடினம். டர்பைன் தானே உண்டாக்கும் சக்தியில் பெரும்பங்கை இப்படிக் காற்றை அழுத்துவதற்கே செலவழிக்கிறது. டபிள்யூ.ஆர்-21 இதைக் குறைக்க, முதல் கம்ப்ரசருக்கும் இரண்டாவது கம்ப்ரசருக்கும் இடையே ஒரு குளிர்விப்பானை வைத்தது. அதுதான் இன்டர்கூலர். பாதி அழுத்தப்பட்ட காற்று அதன் வழியே போகும்போது சூட்டை இழக்கும். அந்தச் சூட்டை ஒரு நீர்ச்சுற்று வாங்கிக்கொண்டு போய்க் கடல்நீரிடம் விட்டுவிடும். அடுத்த கம்ப்ரசருக்கு வேலை சுலபமாகும்.

மறுமுனையில் ரெக்குபரேட்டர் என்ற இன்னொரு கருவி. புகைபோக்கி வழியாக வீணாகப் போகும் வெப்பத்தைப் பிடித்து, எரிகலத்துக்குள் நுழையப் போகும் காற்றுக்குக் கொடுக்கும். காற்று முன்பே சூடாக வந்தால் எரிபொருள் குறைவாகப் போதும். வெளியேறும் புகையின் சூடும் தணிவதால், வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணைக்குக் கப்பல் எளிதில் புலப்படாது. இரண்டும் சேர்ந்து எரிபொருள் செலவைக் கால்பங்கு அளவுக்குக் குறைத்தன. ஏட்டளவில் இதைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது.

டைப் 45-இல் இன்னொரு புதுமையும் சேர்ந்தது. பழைய கப்பல்களில் இன்ஜின் கியர்ப்பெட்டி வழியாக நேரடியாக விசிறியைச் சுழற்றும். விளக்குக்கும் ரேடாருக்கும் தனி ஜெனரேட்டர்கள் இருக்கும். இதில் எல்லாமே மின்சாரம். இரண்டு டபிள்யூ.ஆர்-21 டர்பைன்கள், ஒவ்வொன்றும் 20 மெகாவாட்டுக்குச் சற்று மேல். இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றும் 2 மெகாவாட். நான்கும் ஒரே மின்வலையில் மின்சாரத்தைக் கொட்டும். அதிலிருந்துதான் தலா 20 மெகாவாட் மோட்டார்கள் இரண்டு விசிறிகளைச் சுழற்றும். ரேடார், ஏவுகணைக் கட்டுப்பாடு, குளிரூட்டி, சமையலறை எல்லாவற்றுக்கும் அதே வலைதான்.

இப்போது இந்தக் கப்பல் கோடையில் பாரசீக வளைகுடாவுக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடலின் மேற்பரப்பு நீரே 32 டிகிரியைத் தாண்டிச் சூடாக இருக்கும். இன்டர்கூலர் தன் சூட்டை இந்த நீரிடம்தான் இறக்கியாக வேண்டும். நீரே சூடாக இருந்தால் அது வாங்குவது குறைவு. இரண்டாவது கம்ப்ரசருக்குப் போகும் காற்று சூடாகவே போகிறது. டர்பைனின் பலம் குறைகிறது. வெளிக்காற்றும் சூடு என்பதால் அதன் அடர்த்தி குறைந்து, பலம் இன்னும் இறங்குகிறது. அதே நேரத்தில் கப்பலின் மின்தேவை ஏறுகிறது; குளிரூட்டிகள் முழுமூச்சாக ஓடுகின்றன, மின்னணுக் கருவிகளைக் குளிர்விக்கும் பம்புகளும் ஓடுகின்றன. கொடுப்பது இறங்க, கேட்பது ஏற, ஒரு கட்டத்தில் டர்பைன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள டிரிப் ஆகி நின்றுவிடுகிறது. சிக்கனம் கருதி ஒரு டர்பைனை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால், அது சுமந்த அத்தனை பாரமும் கண்ணிமைக்கும் நேரத்தில் டீசல் ஜெனரேட்டர்களின் தலையில் விழும். இரண்டும் சேர்ந்தே 4 மெகாவாட்தான். அவையும் டிரிப் ஆகும்.

விளக்குகள் அணைகின்றன. விசிறிகள் நிற்கின்றன. ரேடார் திரை கறுக்கிறது. ஏறத்தாழ 190 பேர் உள்ள கப்பல், சுக்கான் இருந்தும் வேகம் இல்லாததால் காற்றும் நீரோட்டமும் தள்ளும் திசையில் மிதக்கத் தொடங்குகிறது. பொறியறையில் இருப்பவர்கள் அவசர விளக்கொளியில் ஒவ்வொரு இயந்திரமாக உயிர்ப்பித்து, ஒவ்வொரு சுமையாக வலையில் சேர்க்க வேண்டும். அமைதிக் காலத்தில் இது மனச்சோர்வு தரும் வேலை. எதிரியின் ஏவுகணை எட்டும் தொலைவில் இதே நடந்தால் அந்த 190 பேரின் கதி என்ன? இந்தக் கேள்வியைப் பொறியியல் விவகாரமாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

நல்ல போர் இயந்திரத்துக்கு நான் எதிர்பார்க்கும் முதல் குணம், பழுதானாலும் படிப்படியாகத் தளர்வது. 30 நாட் வேகம் போகட்டும், 15 நாட்டாவது இருக்கட்டும். பாதி ரேடார் போகட்டும், மீதி இருக்கட்டும். டைப் 45 அப்படித் தளரவில்லை. ஒரு கணம் முழுபலம், மறுகணம் ஒன்றுமில்லை. இன்டர்கூலரைக் குற்றவாளியாக நிறுத்துவது எளிது. ஆனால் அது தடுமாறும்போது தாங்கிப் பிடிக்க 4 மெகாவாட் போதும் என்று முடிவெடுத்ததே பெரிய பிழை என்பது என் கருத்து.

2016-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் குழு இதை விசாரித்தது. கேட்ட விவரக்குறிப்பின்படிதான் செய்து கொடுத்தோம், கப்பல் அதைவிடக் கடுமையான சூழலில் ஓடுகிறது என்பது தயாரிப்பாளர் தரப்பின் வாதம். அந்த ஆண்டு நவம்பரில் வந்த அறிக்கை, வடிவமைப்பிலும் சோதனையிலும் நடந்த தவறுகளைக் கடுமையாகவே சுட்டிக்காட்டியது. டேரிங் முதன்முதலில் கடல் சோதனைக்குப் புறப்பட்டது 2007 ஜூலையில், ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றிலிருந்து. அங்கே கோடையிலும் கடல் குளிர்ந்தே இருக்கும். சூடான நீரில் இன்டர்கூலர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்தக் கடல் காட்டிக்கொடுக்காது. பிரிட்டிஷ் கப்பல்கள் வளைகுடாவில் பல பத்தாண்டுகளாகவே காவல் நின்று வருபவை. அந்தக் கடலின் சூடு யாருக்கும் புதிய செய்தி இல்லை.

இன்னொரு விஷயமும் பாதித்தது. முதலில் 12 கப்பல்கள் என்று திட்டமிட்டு, 8 ஆக்கி, கடைசியில் 6 உடன் நிறுத்தினார்கள். டபிள்யூ.ஆர்-21 இன்ஜினை உலகில் வேறெந்தக் கடற்படையும் வாங்கவில்லை. அமெரிக்கர்களும் பிரெஞ்சுக்காரர்களும் பணம் போட்டதோடு சரி. ஆயிரக்கணக்கில் ஓடும் இன்ஜினாக இருந்தால், ஒருவருக்கு வந்த கோளாறு மற்றவர்களுக்குப் பாடமாகும், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். உலகிலேயே ஆறு கப்பல்களில் மட்டும் இருக்கும் இன்ஜினுக்கு அந்த வசதி இல்லை.

இது பிரிட்டனின் நோய் மட்டுமல்ல. அமெரிக்கக் கடற்படையின் மில்வாக்கி என்ற கப்பல் 2015 நவம்பர் 21-இல் படையில் சேர்ந்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, நடுக்கடலில் நின்றுபோய் வர்ஜீனியாவுக்குக் கட்டி இழுத்து வரப்பட்டது. டீசல் இன்ஜினையும் கேஸ் டர்பைனையும் இணைக்கும் கியர்ப்பெட்டியின் எண்ணெய் வடிகட்டியில் உலோகத் துகள்கள் கிடந்தன. அங்கேயும் இதே கதைதான்: இரு வகை இன்ஜினையும் ஒன்றாக்கி வேகம் எடுக்கும் ஆசை, நடுவே நின்ற ஒரு சிக்கலான பெட்டி. எட்டு ஆண்டு நிறையும் முன்பே, 2023 செப்டம்பரில் மில்வாக்கிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

டைப் 45-க்கு அப்படி விடைகொடுக்கவில்லை. 2018-இல் 16 கோடி பவுண்டில் ஒரு திருத்தத் திட்டம் ஒப்பந்தமானது. மருந்து எளிமையானதுதான். பழைய 2 மெகாவாட் டீசல் ஜெனரேட்டர்கள் இரண்டையும் எடுத்துவிட்டு, 3 மெகாவாட் ஜெனரேட்டர்கள் மூன்றை வைப்பது. 4 மெகாவாட் இருந்த இடத்தில் 9. சாதாரண ஓட்டத்துக்கும் கப்பலின் அன்றாடத் தேவைக்கும் டீசலே போதும். வேகம் வேண்டியபோது மட்டும் டர்பைன். ஆனால் செய்வது எளிதல்ல. கட்டி முடித்த கப்பலின் பக்கவாட்டு இரும்பை அறுத்து வழி செய்து, பழைய இயந்திரங்களை வெளியே இழுத்து, புதியவற்றை உள்ளே தள்ளி, மின்வலை முழுவதையும் மீண்டும் ஒத்துப்போகச் செய்ய வேண்டும். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட்டில் உள்ள கேமல் லேர்டு தளத்துக்கு 2020-இல் போன டான்ட்லஸ், 2022-இல்தான் மீண்டும் கடலைப் பார்த்தது. 2023 கோடையில் அதைக் கரீபியனுக்கு அனுப்பினார்கள், வெதுவெதுப்பான கடல்தான். டேரிங் அடுத்து மாறியது. 2017 முதல் கடற்பணிக்கே போகாமல் துறைமுகத்தில் கிடந்த கப்பல் அது. தொடக்கத்திலேயே கூடுதலாக ஒரு ஜெனரேட்டர் வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு, இந்த ஆண்டுகளின் இழப்போடு ஒப்பிட்டால் அற்பம்.

இதை நாம் வெறும் வெளிநாட்டுச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக முடியாது. இந்தியக் கடற்படையின் வருங்காலக் கப்பல்களுக்கு முழு மின் உந்துவிசை அமைப்பை உருவாக்குவதற்காக, 2024 நவம்பரில் இந்தியாவும் பிரிட்டனும் ஒரு விருப்ப ஆவணத்தில் கையெழுத்திட்டன. தொழில்நுட்பம் நல்லதுதான், வரட்டும். ஆனால் நம் கப்பல்கள் ஓடப்போவது அரபிக்கடலிலும் வங்கக்கடலிலும். கோடையில் அந்த நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு, அதற்கும் மேலே சில டிகிரி கூட்டி, ஒரு டர்பைன் திடீரென நின்றால் கப்பல் எவ்வளவு நேரம் வெளிச்சத்தோடு இருக்கும் என்பதைக் கரையிலேயே சோதித்துவிட வேண்டும். கடற்பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் அந்த 2016 அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பாடப்புத்தகத்தோடு அதையும் படியுங்கள்.