வினா மாறிய தழுவல்: ‘ஃப்ரம் ஹெல்’ வரைகலைப் புதினமும் திரைப்படமும்

1888 ஆகஸ்டு 31 முதல் நவம்பர் 9 வரை இலண்டன் ஒயிட்சாப்பலிலும் அதனை ஒட்டிய பகுதியிலும் ஐந்து பெண்கள் கொலையுண்டனர். கொலைஞன் யாரென இன்றளவும் உறுதிப்படவில்லை. இவ்வழக்கைப் பொருளாகக் கொண்டு ஆலன் மூர் எழுத, எடி கேம்பல் வரைந்த ‘ஃப்ரம் ஹெல்’ 1989 முதல் தொடராக வெளிவந்து 1999இல் ஒரே நூலாயிற்று. ஆல்பர்ட் ஹியூஸ், ஆலன் ஹியூஸ் எனும் உடன்பிறந்தார் இருவர் 2001இல் இதனைத் திரைப்படமாக்கினர்.

பெருநூல் ஒன்று இரண்டு மணிநேரப் படமாகும்போது சுருங்குவது இயல்பே. தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளுள் தொகுத்தலை முதலில் வைக்கிறது. ஆகவே சுருக்கத்தைக் குறையெனக் கொள்ள இயலாது. நூல் எழுப்பிய வினாவைப் படம் மாற்றிவிட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

அரச மருத்துவர் சர் வில்லியம் கல்லைக் கொலைஞராகக் காட்டும் கருத்தை மூர், ஸ்டீபன் நைட் 1976இல் வெளியிட்ட நூலிலிருந்து பெற்றார். அதனை வரலாற்று உண்மையாக அவர் ஏற்கவில்லை. கதைக்குரிய சட்டகமாகவே கையாண்டார். இரண்டாம் இயல் அம்மருத்துவரின் வாழ்வைச் சொல்கிறது. நான்காம் இயலில் அவர் வண்டியோட்டி நெட்லியுடன் நகரைச் சுற்றிவந்து, ஹாக்ஸ்மூர் கட்டிய தேவாலயங்களைக் காட்டித் தம் நோக்கத்தை விரித்துரைக்கிறார். முதற்கொலை நிகழுமுன்பே கொலைஞனைப் படிப்போர் அறிந்துவிடுகின்றனர். ‘யார்’ என்பது தீர்ந்துபோவதால், ஓர் இரவுப் படுக்கைக்குரிய நான்கு பென்சுக்காகத் தெருவில் நிற்கும் பெண்களின் வாழ்வும், அதனை அவ்வாறு ஆக்கிய சமூகமும் முன்னிலை பெறுகின்றன.

படமோ கொலைஞனின் முகத்தை மறைத்து, இறுதியில் வெளிப்படுத்துகிறது. நகர்வலம் இல்லை. பிராகாவுக்கு அருகே அரிதின் முயன்று எழுப்பப்பெற்ற ஒயிட்சாப்பல் தெருக்கள் வெறும் பின்புலமாகி விடுகின்றன. இயன் ஹோமின் நடிப்பாற்றலும் இம்மறைப்பால் பெரிதும் வீணாயிற்று.

ஆய்வாளர் ஆபர்லைனின் மாற்றம் இதனினும் பெரிது. நூலின் முன்னுரைப் பகுதியில், முதுமையுற்ற இராபர்ட் லீஸ் தம் ஞானக்காட்சிகள் யாவும் புனைவே என ஆபர்லைனிடம் ஒப்புக்கொள்கிறார். அப்பொய்க்காட்சிகளைப் படம் மெய்க்காட்சிகளாக்கி ஆபர்லைனுக்கே அளிக்கிறது; அபினியையும் உடன் சேர்க்கிறது; முடிவில் அதனாலேயே அவரை இறக்கச் செய்கிறது. வரலாற்று ஆபர்லைன் 1892இல் ஓய்வுபெற்று, 1929இல் போர்ன்மத்தில் முதுமையெய்தி மறைந்தவர்.

மேரி கெல்லி உயிர்தப்பியிருக்கலாம் என்னும் குறிப்பு நூலிலும் உண்டு. எனினும் அவ்வறையில் நிகழ்ந்த கொலைக்கு மூர் பத்தாம் இயல் முழுவதையும் ஒதுக்கி, படிப்போர் அதனை எளிதிற் கடந்துபோகாதவாறு செய்கிறார். படத்தில் கெல்லிக்குப் பதிலாக வேற்றுநாட்டுப் பெண்ணொருத்தி கொல்லப்படுகிறாள். கெல்லி கடலோர வீட்டில் குழந்தையுடன் வாழ்கிறாள். அவளுக்காக இறந்தவளைக் குறித்துப் படம் பின்னர் ஒரு சொல்லும் உரைப்பதில்லை.