பட்டாளம்

கோடை விடுமுறைக்குத் தாய்வீடு வந்த பெண்ணொருத்தி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றும் முந்தானையைப் பற்றியபடி மூன்றுமாகக் கயத்தாற்றில் பேருந்தை விட்டு இறங்குகையில், "என்ன தாயி, பெரிய பட்டாளமே வந்து எறங்குது!" என்று நடத்துநர் பரிகாசம் செய்வாரேயானால், தம் வாயினின்று பிறந்தது ஒரு மேனாட்டு யுத்தச்சொல் என்பதை அவரும் அறியார், அவளும் அறியாள்.

ஐரோப்பியரின் 'பட்டாலியன்' என்னும் சேனைப்பிரிவே நம் நாவிற்கு இசையத் திரிந்து பட்டாளமாயிற்று. வடக்கே அதுவே 'பல்டன்' என வேறு வேஷம் பூண்டது.

இதே கயத்தாற்றில், 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், மேஜர் பானர்மன் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண்ணெதிரே வீரபாண்டிய கட்டபொம்மனை விசாரித்துப் புளியமரத்தில் தூக்கிலிட்டபோது, பானர்மனுக்குப் பக்கபலமாய் நின்றது கும்பினிப் பட்டாளம். அன்று பீதியை விளைத்த அந்தச் சொல், பின்னர் ராணுவத்தில் சேவித்துத் திரும்பியவருக்குப் 'பட்டாளத்துக்காரர்' என்ற கௌரவப் பெயரையும் தந்தது. பனங்காய் வண்டியை உருட்டிக்கொண்டு கரிசல் புழுதி பறக்க ஓடும் சிறுவர்களுக்கோ, 'வானரப் பட்டாளம்' என்ற பட்டம், பெரும்பாலும் பாட்டிமார் வாயால், இன்றும் கிடைத்து வருகிறது.