உங்களுக்குத் தெரியுமா? ஒரு சாண் கடலுக்கு ஓர் அங்குல வயிறு

● தருமபுரிப் பக்கம் "உப்புத் தண்ணி" என்றால் யாருக்கும் கடல் நினைவுக்கு வராது, போர்வெல்தான் வரும். கடல் சாலை வழியே 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. "குழாயத் தொறந்தா உப்புத் தண்ணிதான் வருது, நீ என்னடா காசு குடுத்து உப்பு வாங்கிக் கரைக்கிற?" என்று, வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்த என்னை அம்மா கேட்டதில் தப்பில்லை. ஆனால் போர்த் தண்ணீர் எவ்வளவு கரித்தாலும் லிட்டருக்கு ஓரிரு கிராம் உப்புதான். கடலில் 35 கிராம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியில் 56 லிட்டர் பிடிக்கும். அதைக் கடலாக்க ஏறக்குறைய 2 கிலோ உப்பு வேண்டும். அதுவும் சமையல் உப்பு ஆகாது. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கலந்து மீன் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவைதான்.

● அந்தத் தொட்டியின் அடியில் பரப்பும் மணல் தரை அல்ல, வயிறு. நான் இதைத் தெரிந்துகொண்டது பட்ட பிறகுதான். தொட்டி வைத்த மூன்றாம் மாதம் மணல் அழுக்காகத் தெரிந்தது. முழுக்க வாரி எடுத்து, அரிசி களைவதுபோல் குழாய்த் தண்ணீரில் ஏழெட்டுத் தடவை அலசி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டேன். தொட்டி பளிச்சென்று இருந்தது. நான்காம் நாள் கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாள் ஒன்றுதான் மிச்சம்.

நடந்தது இதுதான். மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மணல் துகள்களில் ஒட்டியிருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது ஓரளவு வரை பொறுக்கக்கூடியது. குழாய்த் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து அந்தக் கூட்டத்தையே கொன்றுவிட்டன. நான் அழுக்கைக் கழுவவில்லை, குடலைக் கழுவிவிட்டேன்.

● பிறகு எப்படித்தான் சுத்தம் செய்வது? வண்டியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சும் அதே டியூப் வித்தைதான். டியூப்பின் ஒரு முனையை மணலுக்குள் அரை அங்குலம் செருகினால் மணலும் புழுதியும் சேர்ந்து டியூப்புக்குள் எழும்பிச் சுழலும். மணல் பாதி உயரம் ஏறியதும் மறுமுனையை விரலால் லேசாக நசுக்க வேண்டும். கனமான மணல் இறங்கிவிடும். காப்பித்தூள் நிறத்தில் இருக்கும் கசடு மட்டும் வாளிக்குப் போகும். விரல் பழக நாலைந்து வாரம் ஆகும். ஒரு வாரத்துக்கு மணலில் கால்வாசி இடம் போதும், மீதி முக்கால்வாசியில் குடியிருப்பவர்கள் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியேறிய தண்ணீருக்குப் பதிலாக முதல் நாளே கரைத்துவைத்த உப்புத் தண்ணீர்.

● தொட்டி வைத்த புதிதில் மணல்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு தூசு படியும். அது தூசு அல்ல, டயாட்டம் என்ற நுண்பாசி. தன் உடலைச் சுற்றி சிலிகாவால், அதாவது ஏறக்குறைய கண்ணாடியால், ஓடு கட்டிக்கொள்ளும் உயிர். புதுத் தொட்டி எதிலும் இது வந்து சில வாரங்களில் அடங்கிவிடும். எங்கள் ஊரில் மட்டும் அடங்க மறுக்கும். நிலத்தடிப் பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் சிலிகா அதற்குத் தீனி.

அதே பாறைகள்தான் தண்ணீரில் ஃபுளோரைடையும் கரைக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு தலைமுறையின் பல்லில் பழுப்புக் கறை ஏறியது அதனால்தான். ஒகேனக்கல் காவிரி நீரை ஊர் ஊராகக் கொண்டுபோன, ஜப்பான் கடனுதவியுடன் அமைந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியதும் இதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கூடாது. வேடிக்கை என்னவென்றால், கடல்நீரிலேயே இயல்பாக 1.3 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே மீனுக்கு ஃபுளோரைடு பிரச்சினையே இல்லை. மணலைக் கெடுப்பது சிலிகாவும், நைட்ரேட்டும், பாஸ்பேட்டும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கரையுங்கள். பாதி வேலை மிச்சம்.

● மெரினாவிலிருந்து ஒரு பை மணல் அள்ளி வந்தால் என்ன? அந்த மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மணவாளக்குறிச்சிப் பக்கம் போனால் இல்மனைட், கார்னெட் கலந்த கருமணல். கடல் தொட்டிக்கு ஏற்றது சுண்ணாம்பு மணல். நீரின் காரத்தன்மை இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தாங்கிப் பிடிக்கும். கையிலிருக்கும் மணல் எந்த ரகம் என்று பார்க்க ஒரு சிட்டிகை எடுத்து அதில் வினிகரை விடுங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு. பக்கத்துச் சேலத்து வெள்ளைக்கல்லைப் பொடித்துப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது மேக்னசைட், வினிகருக்கு மசியாது.

● மாலத்தீவின் வெள்ளை மணலில் பெரும்பகுதி கிளிமீனின் கழிவு. கிளி மூக்கு போன்ற பல்லால் பவளப்பாறையைக் கொறித்து, பாசியைச் செரித்துவிட்டு, சுண்ணாம்பை மாவாக வெளியே தள்ளுகிறது.

● மணலைத் தின்று மணலையே கழிக்கும் இன்னொரு பிராணி நம் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது: கடல் அட்டை. மணலோடு சேர்த்து விழுங்கி, அதிலுள்ள கசடை மட்டும் செரித்து, சுத்தமான மணலைக் கயிறு கயிறாக விட்டுப் போகும். வயலில் மண்புழு செய்வதை இது கடலடியில் செய்கிறது. கிழக்காசிய விருந்துகளுக்காக அள்ளி அள்ளியே அரிதாகிப்போனது. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏற்றினார்கள். அதே ஆண்டு பவளங்களும் ஏறின. இராமநாதபுரம் கடற்கரையில் கடத்தல் அட்டை பிடிபட்ட செய்தியை நீங்கள் அடிக்கடி படித்திருப்பீர்கள். 2020-ல் லட்சத்தீவு இந்த உயிருக்கென்றே ஒரு காப்பகம் அறிவித்தது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமோ, யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இதைப் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். ஒரே கடல், இரண்டு சட்டம்!

சட்டத்தை விடுங்கள், சின்னத் தொட்டிக்கு இது ஆகவும் ஆகாது. மிரண்டால் தன் குடலையே வெளியே கக்கும். சில வகைகளின் உடலில் இருக்கும் நஞ்சு தொட்டி மீன்களை மொத்தமாகச் சாய்த்துவிடும். மணல் அரிக்கும் நட்சத்திர மீனும் வேண்டாம். இரண்டடித் தொட்டியில் அதற்கு இரை காணாது, சில மாதத்தில் பட்டினி கிடந்து கரைந்துபோகும்.

● கண்ணாடி ஓரமாக மணலைப் பாருங்கள். நடுவே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால் அங்கே ஆக்சிஜன் இல்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் உண்டு. மூச்சுக்கு ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடைக் கழிக்கும். பிச்சாவரத்துச் சேற்றில் கால் வைத்தால் வரும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அந்தக் கோட்டை ஒரே மூச்சில் கிளறிவிடாதீர்கள், விஷம் முழுக்கத் தண்ணீரில் கலந்துவிடும். டியூப்பால் விரல்கடை அளவு, விரல்கடை அளவாக வாரக்கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆக்சிஜன் இல்லாத அடுக்கே கெட்டது என்றும் சொல்ல முடியாது. அங்கேதான் நைட்ரேட் உடைந்து நைட்ரஜன் வாயுவாகி, குமிழாக மேலே போகிறது. ழான் ழோபேர் என்ற பிரெஞ்சு உயிரியலாளர் மணலுக்கடியில் ஓட்டைத் தட்டு வைத்து, நீர் தேங்கும் வெற்றிடம் விட்டு, இதையே ஒரு முறையாக வளர்த்தெடுத்தார். மொனாக்கோவில் பவளம் வளர்த்துக் காட்டியது அந்த முறைதான். ஆனால் அதற்குக் கனத்த மணலும் நிதானமான ஆளும் வேண்டும். என்னைக் கேட்டால் 56 லிட்டருக்கு ஓர் அங்குலம்தான் சரி.

● கரண்ட் போனால் மீனுக்கு முன்னால் ஆக்சிஜனைத் தின்பது மணல். கடல்நீர் ஏற்கெனவே நல்ல தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஆக்சிஜன் பிடிக்கும். சித்திரை வெயிலில் இன்னும் குறையும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

● நசாரியஸ் என்றொரு நத்தை. கட்டைவிரல் நகம் அளவுதான். பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து, யானை தும்பிக்கையை நீட்டுவதுபோல் ஒரு குழலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு துண்டு இறாலைப் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அங்கங்கே விம்மி, நாலு பக்கத்திலிருந்தும் கிளம்பி வரும். பாசியைத் தொடாது, மீந்துபோன தீனியைத்தான் தின்னும். போகிற வழியில் மணலைக் கிளறிவிடுவது நமக்குக் கிடைக்கும் இலாபம்.

● வாளியில் சேர்ந்த அழுக்குத் தண்ணீரை மாமரத்துக்கு ஊற்றிவிடாதீர்கள், உப்பு வேரைச் சுட்டுவிடும். தென்னை தாங்கும், அதன் அடியில் உப்பு போடுகிற வழக்கமே உண்டு. எங்கள் வீட்டில் மாமரம்தான் இருக்கிறது, அதனால் சாக்கடைக்குப் போகிறது.